பேராண்டி அனுப்பின ரெண்டு போட்டோ

டேய் பேராண்டி, நீ அனுப்பின போட்டோ ரெண்டும் வந்து சேந்துச்சு. ஒண்ணு 1953-ஆம் வருஷத்து சித்ரோன் த்ராக்சியோன், கறுப்பு. இன்னொண்ணு 1970-ஆம் வருஷத்து சித்ரோன் டி.எஸ். 21, வெள்ளை. "தாத்தா, ரெண்டுல எதை வாங்கலாம்?"னு கேட்டிருக்க. பாரிசுக்கு வெளிய சார்செல்ல ஆறாவது மாடியில குடியிருக்கிறவன், கீழ வண்டி நிறுத்த எடம் இல்லாதவன், தெனம் ரயில்ல வேலைக்குப் போறவன், உனக்கு எது வேணும்னு நான் சொல்லணுமா? முடிவு பண்ணிட்டுத்தான் யோசனை கேக்குற. கல்யாணத்துக்கும் இப்படித்தானே கேட்ட!

சரி, பதில் சொல்லாம விட்டா கெழவனுக்கு மறந்து போச்சுன்னு உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லுவான். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து வெளிய வந்து, தூலோன்ல ஒரு கராஜுல கிரீஸ் சட்டையோட பொழச்சவன்டா நான். பாகூர்ல இன்னிக்கும் எனக்கு சொல்தா தாத்தான்னுதான் பேரு. அந்த ரெண்டு காருக்கும் அடியில மல்லாந்து படுத்தவன் சொல்றேன், கேட்டுக்கோ.

நீ என்னமோ பாட்டன் காலத்துக் கார் ஒண்ணு, அப்பன் காலத்துக் கார் ஒண்ணுன்னு பிரிச்சு வச்சுப் பேசுற. ரெண்டையும் செஞ்சது ஒரே ஆளுங்கடா. எஞ்சினியர் ஆந்த்ரே லெஃபேவ்ர். உருவம் குடுத்தவர் ஃப்ளாமினியோ பெர்த்தோனின்னு ஒரு இத்தாலிக்காரர், தொழில் பாதி, சிலை வடிக்கிறது பாதி. 1934-ல த்ராக்சியோன், 1955-ல டி.எஸ். இருவத்தோரு வருஷ எடைவெளியில அதே ரெண்டு பேரு ஊரை ரெண்டு தடவ வாய் பொளக்க வச்சிருக்காங்க. நீ ஒரே கம்பெனியில ரெண்டு வருஷம் சேந்தாப்ல நின்னதில்ல.

மொதல்ல கறுப்பு வண்டிய எடுத்துக்குவோம். 1934-ல ரோட்டுல ஓடினதெல்லாம் பெரும்பாலும் எப்படின்னா, கீழ ஒரு இரும்புச் சட்டம், அதும்மேல ஒரு பெட்டி, பின்சக்கரம் தள்ளும், ஆளு ஏறி எறங்க பக்கத்துல ஒரு பலகை. த்ராக்சியோன்ல அந்தச் சட்டமே கெடையாது. எஃகுத் தகட்டை அழுத்தி, வெல்டு வச்சு, உடம்பையே சட்டமாக்கிட்டாங்க. அந்த வித்தை அமெரிக்காவுல பட் கம்பெனிக்காரங்ககிட்ட இருந்து வந்தது. வண்டிய இழுக்கிறது முன்சக்கரம். பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம். பட்டை வில்லுக்குப் பதிலா முறுக்குக் கம்பி. பின்னாடி தண்டு ஓடாததால உள்ள தரை சமமா இருக்கும். வண்டி பூமியோட படிஞ்சு போகும். ஏறுற பலகையும் வேண்டாம்னு போச்சு. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் வேற எவனாவது முன்னாடியே செஞ்சதுதான். எல்லாத்தையும் ஒரே கார்ல போட்டு, லட்சக்கணக்குல செஞ்சு விக்கலாம்னு துணிஞ்சவர் ஆந்த்ரே சித்ரோன்.

அந்த மனுசன் கதைய நீ கட்டாயம் தெரிஞ்சுக்கணும். கார் மேல ஆசை வச்சவன் என்ன ஆவான்னு அதுல இருக்குது. தோவில்ங்கற ஊருல சூதாட்ட விடுதியில அவர் பணம் வச்சு ஆடுறது அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். ஐஃபில் கோபுரத்துல 1925-ல இருந்து தன் பேரை விளக்குப் போட்டு எரிய விட்டவர். நீ மோதிரத்துல பேர் வெட்டிக்கிட்டு அதையே பெருமையா காட்டுற ஆளு. 1933-ல, நாடே பணமுடையில கெடக்கும்போது, ஜாவெல் கரையில இருந்த தன் ஃபேக்டரிய இடிச்சுட்டு சில மாசத்துல புதுசா கட்டினாரு. கூடவே புதுக் காரு. அதுக்கு தானா கியர் மாறுற பெட்டின்னு ஒண்ணு வைக்கிறதா இருந்துச்சு; கடைசி நேரத்துல அது கைவிரிச்சுடுச்சு. அவசர அவசரமா மூணு கியர்ப் பெட்டி ஒண்ணப் போட்டு, எஞ்சினுக்கு முன்னாடி தொங்க விட்டு, வண்டிய சந்தைக்கு அனுப்பிட்டாங்க. மொதல்ல வாங்கினவன் எல்லாம் காசு குடுத்துட்டு வண்டிய சோதிச்சவன்.

வண்டி தப்பில்ல, அவசரம் தப்பு. அது சரியாகறதுக்குள்ள கடன்காரன் வாசலுக்கு வந்துட்டான். 1934 டிசம்பர்ல கம்பெனி திவால். பெரிய கடன்காரன் யாருன்னா டயர் குடுத்த மிஷ்லன், அவங்க எடுத்துக்கிட்டாங்க. 1935 ஜூலையில மனுசன் வயித்துல புத்துநோய் வந்து போய்ச் சேந்தாரு, வயசு 57. காரு 1957 வரைக்கும் வந்துச்சு, மொத்தம் ஏழரை லட்சத்துக்கு மேல. நட்டவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். போன வருஷம் நீயும் உன் பொண்டாட்டியும் ஒரு பெரிய பலூன் பக்கத்துல நின்னு போட்டோ அனுப்பினீங்களே, அந்தப் பூங்கா இருக்கிறது அந்த ஃபேக்டரி நின்ன எடத்துல. பேரும் அவர் பேருதான். பலூனைப் பாத்த, பலகையப் படிக்கல.

வண்டி எவ்ளோ கெட்டின்னு கேப்ப. லியோன் பக்கத்துல ரோஷ்தாயேன்னு ஒரு ஊரு. அங்க ஓட்டல் நடத்தின ஃப்ரான்சுவா லெகோங்கற மனுசன் 1935 ஜூலையில இருந்து ஒரு வருஷத்துல ஒரே த்ராக்சியோன்ல 4,00,000 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினாரு. வகுத்துப் பாரு, தெனம் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஆச்சு. ஒரு நாள் பாரிஸ் பக்கம், மறுநாள் மோந்தே கார்லோ பக்கம். ஓட்டல்ல யாரு தோசை சுட்டான்னு தெரியல. நீ பாரிஸ்ல இருந்து தூலோன் போறதுக்கு மூணு எடத்துல காப்பி குடிக்கிற ஆளு.

அப்புறம் இந்தக் கறுப்புக்கு ஒரு கெட்ட பேரும் உண்டு. சண்டைக் காலத்துல ஜெர்மன்காரன் கெஸ்டாபோ இதுலதான் வந்து ஆளைத் தூக்கினான். அவனை எதுத்த ரெசிஸ்தான்ஸ்காரனும் இதே வண்டியில வெள்ளைப் பெயிண்டுல எழுத்து போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். சண்டை முடிஞ்சதும் 1946-ல பியெர் லூத்ரேல் கும்பல் இதுலயே வந்து கொள்ளையடிச்சுது. அந்தக் கும்பலுக்கே த்ராக்சியோன் கும்பல்னு பேரு. தொரத்தின போலீசும் த்ராக்சியோன்லதான். வேகமா ஓடும், வளைவுல சாயாது, எல்லாருக்கும் அது தேவைப்பட்டுச்சு. சித்தப்பன் கல்யாணத்துக்கு இதுல போய் எறங்கணும்னு நெனைக்கிறியே, அங்க வயசான பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேரு திண்ணைய விட்டு எழுந்து உள்ள போயிடுவாங்க, பாத்துக்கோ.

ஓட்டுறது எப்படின்னா, கியர்க் கம்பி டேஷ்போர்டுல இருந்து நேரா உன் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். மூணே கியர். மொத கியர் வண்டி நின்னாத்தான் மரியாதையா விழும். ஓடும்போது போட்டா ஊருக்கே கேக்கும். ஸ்டியரிங் இருக்கே, ஓடும்போது ஒண்ணும் தெரியாது, நிறுத்துறதுக்குத் திருப்பினா தோள்பட்டை எறங்கிடும். தூலோன் கராஜுல வேலைக்கு வர்ற பசங்கள்ல எவன் த்ராக்சியோன் ஓட்டுறவன்னு சட்டைக் கையப் பாத்தே சொல்லுவாங்க. நீ ஜிம்முக்கு மாசாமாசம் பணம் கட்டுற, அந்தக் காசு மிச்சம்.

இப்போ வெள்ளைக்காரிகிட்ட வருவோம்.

1955 அக்டோபர், பாரிஸ் கார் கண்காட்சி. தெறந்த மொத கால் மணி நேரத்துல 743 பேரு எழுதிக் குடுத்தாங்க. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள 12,000. ஒருத்தனும் ஓட்டிப் பாக்கல. நானும் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு காப்பி ஆறறதுக்குள்ள சரின்னுதான் சொன்னேன். ஆனா அது ஒரு குடும்பத்தோட நஷ்டம், இது 12,000 குடும்பம். மேல பிளாஸ்டிக் கூரை, கூரை ஓரத்துல கொம்பு வச்ச சிக்னல் லைட்டு, ஒத்தைக் கம்பி போட்ட ஸ்டியரிங். ரோலான் பார்த்னு ஒரு எழுத்தாளர் இதைப் பழைய பெரிய மாதாகோயில்களுக்குச் சமமா வச்சு எழுதியிருக்காரு. கோயில்னா அடிக்கடி கும்பாபிஷேகச் செலவு வரும்னு அவரு சொல்லல.

அவ்ளோ ஜோடிச்ச வண்டிக்குள்ள எஞ்சின் என்ன தெரியுமா? அதே த்ராக்சியோன்ல ஓடின 1,911 சிசி எஞ்சின். மேல தலைய மாத்தி 75 குதிரைசக்தி ஆக்கினாங்க, அம்புட்டுதான். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு புதுசா வைக்கணும்னு பாத்தாங்க, கைகூடல. உன் போட்டோவுல இருக்கிறது 1965-ல வந்த புது எஞ்சின், 2,175 சிசி. அந்த ஒரு விஷயத்துல உன் அதிர்ஷ்டம் வேலை செஞ்சிருக்கு.

எஞ்சின் கெடக்கட்டும். இந்த வண்டியோட உசுரு எண்ணெய்லயும் காத்துலயும் இருக்குது. பால் மாஜெஸ்னு ஒருத்தர், பெரிய படிப்பெல்லாம் கெடையாது, சின்ன வயசுலயே சித்ரோன்ல வேலைக்குச் சேந்தவர். ஸ்பிரிங்கே வேணாம்னுட்டாரு. சக்கரத்துக்கு ஒண்ணா இரும்பு உருண்டை. உள்ள ஒரு ரப்பர்ச் சவ்வு. சவ்வுக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன், இந்தப் பக்கம் அழுத்தமா எண்ணெய். மேட்டுல சக்கரம் ஏறினா எண்ணெய் போய்க் காத்தை அமுக்கும். உன் இடுப்புக்கு ஒண்ணும் தெரியாது. அதே எண்ணெய்தான் ஸ்டியரிங்க திருப்பும், பிரேக் புடிக்கும், கிளச்சை மிதிக்காமலே கியர் மாத்தும். பிரேக்குக்குப் பெடல்கூட இல்ல, தரையில ஒரு ரப்பர்க் குமிழ். பாதத்தை மேல வச்சாலே புடிச்சுக்கும். தெரியாதவன் பழக்க தோசத்துல ஓங்கி மிதிச்சான்னா மூக்கு கண்ணாடியத் தொட்டுட்டு வரும். அப்படித் தொட்டவனுங்களுக்கு நானே பஞ்சு வச்சு விட்டிருக்கேன்.

காலையில சாவி போட்டுட்டு உடனே கெளம்பிடலாம்னு நெனைக்காத. டி.எஸ். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை: ராத்திரி படுத்தா தரையோட படிஞ்சிடும், எழுப்பினா உடனே எழுந்திரிக்காது, மொதல்ல பின்பக்கத்தைத் தூக்கும், யோசிக்கும், அப்புறமா முன்பக்கம், அதுக்கப்புறம்தான் எங்க போகணும்னு கேக்கும். நாம பக்கத்துல மரியாதையா நிக்கணும்.

ஆனா ஒண்ணு, இந்த எண்ணெய்-காத்து வித்தைய மொதல்ல எந்த வண்டியில பாத்தாங்க? 1954-ல த்ராக்சியோன் 15-சிஸ் வண்டியோட பின்சக்கரத்துலதான் வச்சுப் பாத்தாங்க. பெரியவன் முதுகுல பழகிட்டுத்தான் சின்னவளுக்குப் போட்டாங்க. நீயும் சைக்கிள் பழகினது என் முதுகுலதான், ஞாபகம் இருக்கட்டும்.

குத்தம் மட்டும் சொன்னா பாவம். 1962 ஆகஸ்ட் 22, பெத்தி-க்ளமார்ல ஜெனரல் தெகோலைச் சுட்டாங்க பாரு, அன்னிக்கு அவரு டி.எஸ்.லதான் இருந்தாரு, பக்கத்துல பொண்டாட்டி, முன்னாடி மருமகன். குண்டு மழை. பதினாலு குண்டு காருல பட்டுச்சு, டயர் கிழிஞ்சுது. டிரைவர் ஃப்ரான்சிஸ் மரூ வண்டிய நிறுத்தல. உருண்டையும் எண்ணெயும் வண்டிய சாய விடல. அப்படியே வில்லாகூப்ளே விமானத்தளம் போய்ச் சேந்தாங்க. எறங்கினதும் அந்த அம்மா டிக்கியில இருந்த கோழிக்கறிய விசாரிச்சாங்கன்னு பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. உங்க ஆயாவும் அதைத்தான் கேட்டிருப்பா. டயர் கிழிஞ்சும் ஓடுறது பெரிய விஷயம்தான். ஆனா உன்னைச் சுட யாரு வரப் போறா? கடன் குடுத்த பேங்க்காரன் வந்தா உண்டு.

சரி, வாங்கப் போற எடத்துல எப்படிப் பாக்கணும்னு சொல்றேன். பெயிண்ட்டைப் பாக்காத, அது விக்கிறவனுக்காக அடிச்சது. டி.எஸ்.ஸுக்கு மேல இருக்கிற தகடெல்லாம் போல்ட்டுல மாட்டினது. பின்சக்கரத்து மட்கார்டு ஒரே போல்ட்டுல கழண்டு வரும். கழட்டச் சொல்லு. தயங்கினான்னா கும்பிடு போட்டுட்டு வந்துடு. உள்ள இருக்கிற எலும்புக்கூடுதான் வண்டி. கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி, டிக்கித் தரை, ரெண்டையும் ஸ்குரூடிரைவரால குத்திப் பாரு. மேல தேவலோகமா இருக்கும், கீழ கரையான் அரிச்சிருக்கும்.

அடுத்தது எண்ணெய். 1966-க்கு முந்தின வண்டிக்குச் செவப்பு, அப்புறம் வந்ததுக்குப் பச்சை. உன்னுது 1970, பச்சை. பச்சை வண்டியில செவப்பையோ சாதா பிரேக் எண்ணெயையோ எவனாவது ஊத்தியிருந்தா ரப்பர் சீல் அத்தனையும் ஊறிப் போயிருக்கும். மாத்தறதுக்குள்ள உனக்கே நரைச்சிடும். அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு வாய மூடிக்கிட்டு பானட் பக்கம் நில்லு. எண்ணெய் அழுத்தத்தைப் பாத்துக்கிற ரெகுலேட்டர் டிக்குன்னு ஒரு சத்தம் போடும். அடுத்த டிக்குக்கு நேரம் எடுத்துக்கிட்டா வண்டி நல்லா இருக்குது. டிக்கு டிக்குன்னு சும்மா பேசிக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுது, இல்லாட்டி உருண்டையில காத்து போச்சு. பம்பரை அமுக்கிப் பாரு. மெதுவா அமுங்கி மெதுவா எழுந்துக்கணும். கல்லு கணக்கா வெறைச்சு நின்னா உருண்டை செத்துப் போச்சு. உருண்டை மாத்துறது பெரிய வேலையில்ல, ஆனா அதைக் காட்டி வெலையக் கொறைக்கலாம், அதுக்குச் சொன்னேன்.

த்ராக்சியோன்ல பாக்க வேண்டியது கம்மி. ஸ்டியரிங்க ஒரு பக்கம் முழுக்க ஒடிச்சு மெதுவா வட்டம் அடிச்சுப் பாரு; முன்னாடி டொக்கு டொக்குன்னா சக்கரத்துக்குப் போற தண்டு தேஞ்சிருக்கு. ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டுப் பாரு. கியர் தானா வெளிய குதிச்சா பெட்டி போச்சு, அது அந்த வண்டிக்குப் பொறவிக் கோளாறு. கதவுக்கும் உடம்புக்கும் இருக்கிற சந்து மேலயும் கீழயும் ஒண்ணா இருக்குதான்னு பாரு. இல்லன்னா ஓரத்துப் பெட்டி துருவுல எறங்கிடுச்சு. அப்புறம் டிக்கி. 1952-ல டிக்கிய பெருசா ஆக்கினாங்க. உன்னுது 1953, பெரிய டிக்கி. அழகு தெரிஞ்சவங்க சின்ன டிக்கிதான் லட்சணம்பாங்க. நீ ஊர்ல இருந்து மொளகாத்தூள் மூட்டை கொண்டு போற ஆளு, பெருசே நல்லது. பேட்டரி செத்தா முன்னாடி கைப்பிடியச் சொருகி சுத்தலாம். எஞ்சின், கியர்ப் பெட்டி, முன்சக்கரம் எல்லாம் ஒரே கூட்டமா முன்னாடி ரெண்டு இரும்புக் கையில தொங்குது. கராஜுல மொத்தத்தையும் உருட்டி வெளிய எடுத்துடலாம். மறைக்க ஒண்ணும் இல்லாத வண்டி.

சர்க்கார் சமாச்சாரம் ஒண்ணு. முப்பது வருஷம் தாண்டின வண்டிக்கு நீ 'கலெக்சியோன்' கார்த் கிரீஸ், அதான் பதிவுச் சீட்டு, எடுப்ப. எடுத்தா டி.எஸ்.ஸுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ டெக்னிக் சோதனை. 1960-க்கு முந்தி பதிவான வண்டிக்கு அந்தச் சோதனையே கெடையாது. த்ராக்சியோன அவங்களும் பெரியவர்னு விட்டுட்டாங்க. அதுக்காக பிரேக்கப் பாக்காம ஓட்டாத, சட்டம்தான் விட்டுச்சு, சுவரு விடாது.

கடைசியா கேக்குற, எது? கறுப்பை வாங்கு. அதோட கோளாறு கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேக்கும், சுத்தியல் ஸ்பேனர் தெரிஞ்சவன் சரி பண்ணிடுவான். வெள்ளைக்கு வைத்தியம் பாக்கிறவன் தனி ஜாதி. அவனுக்கு நீ பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்துக் குடுக்க வேண்டி வரும். டி.எஸ். சொகத்தை விட்டுட முடியாதுடா, எனக்கும் தெரியும். அதுக்கு ஒரு வழி: டி.எஸ். வச்சிருக்கிற சினேகிதன் ஒருத்தனப் புடி. செலவு அவனுக்கு, பின்சீட்டு உனக்கு. அதுவும் வேணாம், சொந்தமா வச்சே தீருவேன்னா, கிளச் மிதிக்கிற டி-சூப்பர் எடுத்துக்கோ. எண்ணெய் வேலை கொஞ்சம் கம்மி.

கையெழுத்து மட்டும் இப்போ போட்டுடாத, அட்வான்சும் குடுக்காத. அந்த டிக்குச் சத்தம் போன்ல சரியா கேக்காது. எனக்கும் உங்க ஆயாவுக்கும் மே மாசத்துக்கு ரெண்டு பிளேன் டிக்கெட் போடு, நானே வந்து பானட் பக்கத்துல நின்னு கேட்டுச் சொல்றேன். சன்னல் சீட்டு எனக்கு.